கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்: ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து தண்டலம் வரை

தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றின் கூடைப்பந்து அணிக்குப் பொறுப்பானவர், பெரும்பாலும் அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் பொறுப்பானவர் அல்லர். அவருடைய பதவிப் பெயர் உடற்கல்வி இயக்குநர். மாணவர்களுக்கு அவர் ‘பி.டி. சார்’. வாலிபால், கபடி, தடகளம், கிரிக்கெட், செஸ் எல்லாம் அவர் கையில்தான். கூடைப்பந்தும் அவற்றில் ஒன்று. அமெரிக்கக் கல்லூரிகளிலோ கூடைப்பந்துத் தலைமைப் பயிற்சியாளர் என்பது தனியொரு பதவி. ஒரே ஆட்டம், ஒரே அணி, அவருக்குக் கீழே துணைப் பயிற்சியாளர்கள் சிலர், வெற்றி தோல்வியைப் பொறுத்து நீளும் அல்லது முறியும் ஒப்பந்தம் என்று அது இயங்குகிறது. இவ்வளவு வேறுபட்ட இரண்டு பதவிகளும் ஒரே பள்ளியில் தோன்றியவை. மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளி அது. அங்கே படித்தும் கற்பித்தும் வெளியே வந்தவர்களில் ஒருவர் கேன்சஸுக்குப் போனார், இன்னொருவர் மதராசுக்கு வந்தார். மதராஸ் வழி ஒரு நூற்றாண்டு கடந்து, இன்று திருப்பெரும்புதூர் வட்டத்துத் தண்டலத்தின் பொறியியல் கல்லூரிகள் வரை நீண்டிருக்கிறது.

ஆட்டம் பிறந்த கதை பலரும் அறிந்தது. 1891 டிசம்பரில், கடுங்குளிரில் வெளியே ஆட முடியாமல் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் அடைபட்டு, ஓயாத டிரில்லில் சலித்துப்போன 18 மாணவர்கள் கொண்ட வகுப்பு ஒன்று ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்தது. அவர்களுக்குப் புதிதாக ஓர் ஆட்டம் கண்டுபிடிக்கும்படி துறைத் தலைவர் லூதர் குலிக், கனடாவிலிருந்து வந்து அங்கே ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நைஸ்மித்திடம் சொன்னார். நைஸ்மித் 13 விதிகளை எழுதினார். பீச் பழக் கூடைகள் இரண்டை மாடத்தின் விளிம்பில், தரையிலிருந்து 10 அடி உயரத்தில் அறைந்தார். பக்கத்துக்கு 9 பேர் ஆடினார்கள். ஆட்டக்காரர் எண்ணிக்கை, பந்து, பலகை, களம் எல்லாம் பிறகு மாறின. அந்த 10 அடி உயரம் மட்டும் மாறவில்லை. தண்டலத்துக் கோர்ட்டிலும் வளையம் 3.05 மீட்டரில்தான் நிற்கிறது.

ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர்கள் ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்களாக உலகெங்கும் போனதால் ஆட்டமும் அவர்களோடு போனது. முதல் ஆட்டத்தில் ஓர் அணிக்குத் தலைமை தாங்கிய டங்கன் பேட்டன் 1894இல் இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததாகக் கூடைப்பந்து வரலாறுகள் குறிக்கின்றன. விதிகள் அச்சாகி இரண்டே ஆண்டுகளில் நடந்தது இது. ஆகவே இந்தியாவுக்குக் கூடைப்பந்து பிந்தி வந்த ஆட்டம் அல்ல. பிந்தி வந்தது, அதைக் கற்றுக்கொடுக்கும் ஆள்.

அமெரிக்காவிலும் தொடக்கத்தில் அந்த ஆளுக்கு இடம் இருக்கவில்லை. நைஸ்மித்தின் 13 விதிகளில் நடுவர் உண்டு, கண்காணிப்பாளர் உண்டு, பயிற்சியாளர் இல்லை. 1898இல் நைஸ்மித் கேன்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனது வழிபாட்டுக் கூடத்தையும் உடற்கல்வியையும் கவனித்துக்கொள்ளத்தான். கூடைப்பந்து அணி அந்த வேலையின் ஓரத்தில் இருந்தது. 1907 வரை அவர் பார்த்துக்கொண்ட அணி 55 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றது. கேன்சஸின் தலைமைப் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் ஆட்டத்தை உண்டாக்கிய அவர் ஒருவரே. அவர் தோல்வியைப் பெரிதாக எண்ணாததற்குக் காரணம் உண்டு. ஆட்டம் மாணவனின் உடலுக்கும் பண்புக்கும் பயன்பட வேண்டும் என்பதுதான் ஸ்பிரிங்ஃபீல்டின் கொள்கை; கோப்பை அதன் நோக்கத்தில் இல்லை. பல ஆட்டங்களில் அவரே நடுவராகவும் நின்றார்.

அந்தக் கொள்கை விதிப்புத்தகத்திலும் ஏறியது. 1910–11 பருவத்தில், ஆட்டம் நடக்கும்போது அணியைச் சேர்ந்த எவரும் வெளியிலிருந்து ஆட்டக்காரர்களுக்கு யோசனை சொல்லக் கூடாது என்று அமெரிக்கக் கல்லூரி விதி சொன்னது. முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ. டைம்-அவுட்டில் பயிற்சியாளர் தம் ஆட்டக்காரர்களோடு பேசலாம் என்ற அனுமதி 1948–49 பருவத்தில்தான் வந்தது. இன்று பயிற்சியாளரின் திறமையே டைம்-அவுட்டின் ஒரு நிமிடத்தில் தெரிகிறது என்கிறோம். அந்த ஒரு நிமிடம் அவருக்குக் கிடைக்க, ஆட்டம் பிறந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

கேன்சஸில் நைஸ்மித்தின் கீழ் ஆடிய ஃபாக் ஆலன்தான் இந்த வேலையைத் தொழிலாக்கினார். நைஸ்மித்துக்குப் பின் 1907 முதல் 1909 வரையும், பிறகு 1919 முதல் 1956 வரையும் அவர் கேன்சஸ் அணியை நடத்தினார். கற்பித்தால் ஆட்டம் மேம்படும், அதற்கென்று ஒருவர் முழுநேரமும் உழைக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. 1927இல் பயிற்சியாளர்களுக்கென்று தேசியச் சங்கம் தொடங்க முன்நின்றார். கூடைப்பந்தை ஒலிம்பிக்கில் சேர்க்க அவர் செய்த முயற்சி 1936இல் பெர்லினில் பலித்தது. அந்தப் போட்டிகள் வெட்டவெளி மண் தளத்தில் நடந்தன. இறுதி ஆட்டம் மழையில் நனைந்து, அமெரிக்கா 19, கனடா 8 என்று முடிந்தது. முதிய நைஸ்மித்தும் பெர்லினுக்குப் போயிருந்தார்.

ஆலனிடம் ஆடியவர்களே அடுத்த தலைமுறையின் பெரும் பயிற்சியாளர்கள் ஆனார்கள். அடால்ஃப் ரப் 1930 முதல் 1972 வரை கென்டக்கியில் 876 வெற்றிகளும், டீன் ஸ்மித் 1961 முதல் 1997 வரை வட கரோலினாவில் 879 வெற்றிகளும் பெற்றார்கள். இந்தக் குரு பரம்பரையே அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதுகெலும்பு. ஆடி முடித்த மாணவன் அதே அணியில் உதவியாளன் ஆவான். பிறகு சம்பளம் பெறும் துணைப் பயிற்சியாளர் ஆவான். பள்ளிகளைச் சுற்றி ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிப்பதே அப்போது அவனுக்குப் பெரும்பகுதி வேலை. அதன்பின் ஒரு சிறிய கல்லூரியில் தலைமைப் பொறுப்பு, அங்கே வென்றால் பெரிய கல்லூரி. ஒவ்வொரு படியிலும் மேலே இருப்பவரிடம் கற்றுக்கொள்ள இடம் உண்டு.

ஜான் வுடனின் வாழ்க்கை இன்னொன்றையும் காட்டுகிறது. இண்டியானாவில் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் இருந்த அவர், 1948இல் கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ.வுக்கு வந்தார். முதல் தேசியப் பட்டம் 1964இல்தான் கிடைத்தது. அடுத்த 11 ஆண்டுகளில் மேலும் 9 பட்டங்கள் வந்தன. முதல் பட்டத்துக்கு முந்தைய பதினைந்து பருவங்களில் அவரை யாரும் வெளியே அனுப்பவில்லை. அந்தப் பொறுமை இன்றைய அமெரிக்காவில் அரிது. 1939இல் தொடங்கிய தேசியக் கல்லூரிப் போட்டி, தொலைக்காட்சி வந்தபின் பெரும் பணம் புழங்கும் இடமாகிவிட்டது. பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுவோரில் மிக அதிகச் சம்பளக்காரர் ஆளுநர் அல்லர், பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர்தான். மூன்று பருவம் தோற்றால் அவருக்கு வேலையும் இல்லை.

மகளிர் ஆட்டத்தின் தொடக்கமும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகில்தான். 1892இல் பக்கத்து ஊரின் ஸ்மித் கல்லூரி உடற்பயிற்சி ஆசிரியை சென்டா பெரென்சன், நைஸ்மித்தின் விதிகளைத் தம் மாணவியருக்கு ஏற்ப மாற்றி ஆட வைத்தார். ஆனால் கல்லூரி மகளிர் அணிக்குப் பணமும் பயிற்சியாளரும் ஒழுங்காகக் கிடைக்க 1972இன் கல்விச் சமத்துவச் சட்டம் வர வேண்டியிருந்தது. அதன்பின் 1974இல் டென்னசியில் பொறுப்பேற்ற பேட் சம்மிட், 2012 வரை 1,098 வெற்றிகளும் 8 தேசியப் பட்டங்களும் பெற்றார். சட்டமும் பணமும் சேர்ந்தால் ஒரு பயிற்சியாளர் எவ்வளவு உயரம் போக முடியும் என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று இல்லை.

மதராஸ் வழிக்கு வித்திட்டவர் ஹாரி குரோ பக். பென்சில்வேனியாவில் 1884இல் பிறந்து, ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்று, 1919இல் இந்தியா வந்தவர். ஏற்கெனவே 1908இல் கல்கத்தாவுக்கு வந்த ஜே. எச். கிரே போன்ற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியாளர்கள் இங்கே ஆட்டங்களைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். பக் வேறொரு கணக்குப் போட்டார். தாமே ஆட்டம் சொல்லிக்கொடுத்தால் ஒரு மைதானம்தான் நிரம்பும். சொல்லிக்கொடுப்பவர்களை உருவாக்கினால் நாடு நிரம்பும். 1920இல் அவர் மதராஸில் தொடங்கிய உடற்கல்விப் பள்ளி, பின்னாளில் நந்தனத்தில் அடையாற்றின் கரையில் விரிந்த வளாகத்துக்குப் போய், ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியாக நிலைபெற்றது. ஆசியாவில் உடற்கல்விக்கென்று எழுந்த முதல் கல்லூரி அதுவே.

பக் மதராஸ் அரசுக்கு உடற்கல்வி ஆலோசகராக இருந்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியத் தடகள அணியைப் பயிற்றுவித்து அழைத்துப் போனவரும் அவரே. விளையாட்டு விதிகளைத் தொகுத்து ஒய்.எம்.சி.ஏ. வெளியிட்ட நூல் பல பதிப்புகள் கண்டு, உடற்கல்வி ஆசிரியர்களின் கைப்புத்தகமாக இருந்தது. 1943இல் மதராஸிலேயே காலமானார். அவர் அனுப்பி வைத்த மாணவர்கள் தென்னிந்தியாவின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் உடற்கல்விப் பொறுப்பு ஏற்றார்கள். கல்லூரி வாசலில் கூடைப்பந்துக் கம்பம் நட்டவர்கள் அவர்கள்தான்.

ஆனால் பக் உருவாக்கியது ஓர் ஆட்டத்தின் பயிற்சியாளரை அல்ல. எல்லா மாணவர்களையும் மைதானத்துக்குக் கொண்டுவரத் தெரிந்த ஆசிரியரைத்தான். உடற்கூறியல், முதலுதவி, தேகப்பயிற்சி, தடகளம், நம் நாட்டு ஆட்டங்கள், மேலைநாட்டு ஆட்டங்கள் அனைத்திலும் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஆயிரம் மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற அந்நாளைய நிலையில் இது அறிவான திட்டம். நைஸ்மித் உயிரோடு வந்து பார்த்திருந்தால், கேன்சஸில் ஆலன் செய்ததைவிட மதராஸில் பக் செய்ததே தம் கொள்கைக்கு நெருக்கமானது என்று உணர்ந்திருப்பார். ஸ்பிரிங்ஃபீல்டின் பழைய நோக்கம் மாறாமல் தங்கிய இடம் மதராஸ். அதன் பலனும் குறையும் அப்படியே இங்கே தங்கிவிட்டன.

பலன் உடனே தெரிந்தது. கிறித்தவக் கல்லூரி, லயோலா போன்ற மதராஸ் கல்லூரிகளில் கூடைப்பந்து வேரூன்றியது. லயோலாவின் பெர்ட்ராம் நினைவுப் போட்டிகள் போன்ற கல்லூரி விழாக்கள் ஆட்டக்காரர்களுக்கு மேடையாயின. தேசிய ஆடவர் போட்டி 1934இல் புதுதில்லியில் தொடங்கியது. மகளிருக்கு 1950களில் வந்தது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950இல் உருவானது. கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. கோப்பை, தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தில் கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டி என்று, தலைநகருக்கு வெளியிலும் ஆட்டத்துக்கு ஊர்கள் அமைந்தன. பெரியகுளத்தில் மின்னொளியில் நள்ளிரவு வரை ஆட்டம் பார்க்கும் கூட்டம், தமிழ்நாட்டுக் கூடைப்பந்தின் பெருமைக்குரிய சொத்து.

விடுதலைக்குப் பின் பயிற்சியாளர் என்ற தனித் தொழிலை உருவாக்க அரசு முயன்றது. 1953இல் ராஜகுமாரி அம்ரித் கௌர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. 1961இல் பட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் திறக்கப்பட்டது. விளையாட்டு உலகில் ‘என்.ஐ.எஸ்.’ என்றாலே போதும். ஓர் ஆட்டத்தை மட்டும் எடுத்து, அதன் நுட்பம், திட்டமிடல், உடல் தயாரிப்பு, உளவியல் எல்லாவற்றையும் ஆழமாகப் படித்து டிப்ளமோ பெறும் இடம் அது. தனியொரு ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கும் ஆளை இந்தியா முறையாக உருவாக்கத் தொடங்கியது அங்கேதான்.

இதனால் ஒன்றுக்கொன்று சேராத இரண்டு பாதைகள் உண்டாயின. நந்தனம் கல்லூரியைத் தொடர்ந்து 1956இல் பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் மாருதி கல்லூரி, 1959இல் காரைக்குடியில் அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரி, இந்த நூற்றாண்டில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் என்று உடற்கல்விப் பாதை வளர்ந்தது. பி.பி.எட்., எம்.பி.எட். முடித்தவர்கள் பள்ளி, கல்லூரிகளுக்குப் போனார்கள். என்.ஐ.எஸ். முடித்தவர்கள் இந்திய விளையாட்டு ஆணையத்துக்கும், 1992இல் அமைந்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும், அதன் விளையாட்டு விடுதிகளுக்கும், ரயில்வே, வங்கி அணிகளுக்கும் போனார்கள். கூடைப்பந்தை ஆழமாகப் படித்தவருக்குக் கல்லூரியில் பதவி இல்லை. கல்லூரியில் பதவி பெற்றவருக்குக் கூடைப்பந்தை மட்டும் பார்க்க நேரம் இல்லை. அடுத்த அறுபதாண்டுக் கல்லூரிக் கூடைப்பந்தின் கதை முழுவதும் இந்தப் பிளவுக்குள் அடங்கும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் அந்தப் பிளவை எழுத்தில் நிறுத்தின. கல்லூரி உடற்கல்வி இயக்குநருக்கு உதவிப் பேராசிரியருக்கு இணையான ஊதிய நிலை. முதுகலை உடற்கல்வியில் 55 விழுக்காடு, நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சி அல்லது முனைவர் பட்டம், பல்கலைக்கழக அளவிலோ கல்லூரி அளவிலோ ஆடிய சான்று ஆகியவை தேவை. உடல்தகுதித் தேர்வும் உண்டு. 30 வயதுக்குட்பட்ட ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர் ஓட வேண்டும்; பெண்களுக்கு 8 நிமிடத்தில் 1,000 மீட்டர். பேராசிரியருக்குச் சமமான மரியாதையை உடற்கல்விக்குப் பெற்றுத் தந்தவை இந்த விதிகள். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உயர்வுக்குப் பணிக்கால ஆண்டும் ஆய்வும் பெரிதாக எண்ணப்படுகின்றன. ஓர் ஆட்டத்தில் கல்லூரி அணியை மண்டலத்தில் வெல்ல வைத்தது அந்தக் கணக்கில் ஒரு சிறு பகுதிதான்.

இதற்கிடையே, 1984இல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில், பூந்தமல்லி தாண்டித் திருப்பெரும்புதூர் வரை நிலம் அகலமாகவும் மலிவாகவும் இருந்தது. பென்னலூரில் ஸ்ரீ வெங்கடேசுவரா பொறியியல் கல்லூரி வந்தது. 1990களின் நடுவில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1998இல் கார்கள் வெளிவரத் தொடங்கியபின் இந்தப் பகுதியின் முகமே மாறிவிட்டது. தண்டலத்தில் 1997இல் ராஜலட்சுமி பொறியியல் கல்லூரியும் 2001இல் சவீதா பொறியியல் கல்லூரியும் தொடங்கின. 2005இல் நிகர்நிலைத் தகுதி பெற்ற சவீதா பல்கலைக்கழகத்தின் வளாகமும் இதே தண்டலத்தில்தான். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர், ஒரே தலைமுறையில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வந்துபோகும் இடமாயிற்று. ஒவ்வொரு வளாகத்திலும் ஓர் உடற்கல்வித் துறை உண்டு.

ஒரே ஊரில் இரண்டு விதக் கல்லூரிகள் இருப்பதால் பயிற்சியாளரின் வேலையும் இரண்டு விதமாகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி அணி முதலில் தன் மண்டலத்தில் வெல்ல வேண்டும்; பிறகு மண்டலங்களுக்கு இடையிலான போட்டி. அதிலும் நன்றாக ஆடிய தனி மாணவர்கள் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போவார்கள். தேர்வானபின் அவர்களை நடத்துபவர் வேறொருவர். ஆண்டு முழுவதும் வளர்த்த பையன் தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியில் ஆடும்போது, கல்லூரிப் பயிற்சியாளர் பெஞ்சில் இருப்பதில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இப்படியில்லை. கல்லூரி அணியே பல்கலைக்கழக அணி; அது நேராகத் தென்மண்டலத்துக்குப் போகும், அங்கிருந்து அகில இந்தியப் போட்டிக்கு. தேர்ந்தெடுப்பவரும் பயிற்றுவிப்பவரும் பெஞ்சில் அமர்பவரும் ஒருவரே. காட்டாங்குளத்தூரின் எஸ்.ஆர்.எம். போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், குறிப்பாக மகளிர் கூடைப்பந்தில், அகில இந்திய அளவில் முன்னுக்கு வந்ததற்கு இந்த நேர்வழியும் ஒரு காரணம். அமெரிக்கத் தலைமைப் பயிற்சியாளருக்கு நெருக்கமான வேலை தமிழ்நாட்டில் இருக்கிறதென்றால் இத்தகைய இடங்களில்தான் இருக்கிறது.

ஆட்டக்காரர்கள் வந்து சேரும் வழி ஸ்போர்ட்ஸ் கோட்டா. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கீடு. அதற்கு வெளியே, தனியார் கல்லூரிகள் நிர்வாக இடங்களில் கட்டணத்தை முழுவதுமோ பாதியோ விட்டுக்கொடுத்து ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதுண்டு. எத்தனை பேருக்கு இலவச இடம், அதில் கூடைப்பந்துக்கு எத்தனை என்பதை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குவது உடற்கல்வி இயக்குநரின் திறமை. ஏப்ரல், மே மாதங்களில் அவர் பள்ளி மாணவர்களுக்கான மாநிலப் போட்டிகளுக்கும் கோடைகாலப் போட்டிகளுக்கும் போய் உட்கார்ந்திருப்பது, நல்ல உயரமும் கைத்திறனும் உள்ள பன்னிரண்டாம் வகுப்புப் பையனைத் தேடித்தான். பெற்றோரோடு பேசி, படிப்பு கெடாது என்று உறுதி சொல்லி, வேறு கல்லூரி அழைப்பதற்கு முன் சேர்த்துவிட வேண்டும். இந்த வேலையில் அவருக்கும் கென்டக்கியின் துணைப் பயிற்சியாளருக்கும் வித்தியாசம் குறைவு.

சேர்ந்தபின் பயிற்சி நேரம் கிடைப்பதுதான் பெரும்பாடு. தண்டலத்துக் கல்லூரிகளுக்குப் பெரும்பாலான மாணவர்கள் சென்னையின் நாலா பக்கத்திலிருந்தும் கல்லூரிப் பேருந்தில் வருகிறார்கள். மாலையில் வகுப்பு முடிந்ததும் பேருந்துகள் கிளம்பிவிடும். பேருந்தைவிட்டவன் நெடுஞ்சாலையில் நின்று மாநகரப் பேருந்து பிடித்து இரவில்தான் வீடு சேர்வான். ஆகையால் அணியை விடுதி மாணவர்களைக் கொண்டே கட்ட வேண்டியிருக்கிறது. கோட்டாவில் வந்தவர்களுக்கு விடுதியைக் கல்லூரி தருவது இதற்காகவே. காலை ஆறு மணிக்கு ஒரு பயிற்சி, மாலையில் ஒன்று. வளாகங்களில் பெரும்பாலும் வெட்டவெளி சிமென்ட் கோர்ட்தான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது பயிற்சி நின்றுவிடும். சிமென்ட் தளத்தில் குதித்துக் குதித்து முழங்காலும் கணுக்காலும் போன ஆட்டக்காரர்கள் ஏராளம். கல்லூரிக்குப் பிசியோதெரபிஸ்ட் இல்லாவிட்டால் ஐஸ் கட்டி வைத்துக் கட்டுப்போடுபவரும் இயக்குநரே.

வருகைப் பதிவு அடுத்த சிக்கல். அண்ணா பல்கலைக்கழகத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். விளையாட்டுப் போட்டிக்குப் போனவர்களுக்கு 65 வரை தளர்வு உண்டு. போட்டிக்குப் போகும் நாட்களுக்கு ‘ஓ.டி.’ (ஆன் டியூட்டி) எழுதி, துறைத் தலைவர் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவதற்கே பயிற்சியாளரின் பாதி நாள் போகும். கடைசி ஆண்டில் வளாக நேர்காணல்கள் தொடங்கியதும் மூத்த ஆட்டக்காரர்கள் கோர்ட்டுக்கு வருவது குறையும். பக்கத்தில் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகள் இருக்கும்போது, குடும்பத்தின் முதல் பட்டதாரியிடம் வேலையைவிட ஆட்டம் பெரிது என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. மூன்று ஆண்டு பழக்கிய அணி நான்காம் ஆண்டில் முழுமையாக ஆடுவதில்லை என்பதைக் கணக்கில் வைத்தே அவர் முதலாண்டு மாணவர்களைத் தயார் செய்கிறார்.

ஆட்டமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. உலகக் கூடைப்பந்துச் சங்கம் 1984இல் 6.25 மீட்டரில் மூன்று புள்ளிக் கோட்டைக் கொண்டுவந்தது. 2010இல் அது 6.75 மீட்டருக்குத் தள்ளிப்போனது. 2000இல் இரண்டு 20 நிமிடப் பாதிகள் நான்கு 10 நிமிடக் கால்பகுதிகளாயின. பந்தை எறிய வேண்டிய அவகாசம் 30 நொடியிலிருந்து 24 ஆகச் சுருங்கியது. அமெரிக்கக் கல்லூரி ஆடவர் ஆட்டத்தில் இன்னும் 20 நிமிடப் பாதிகளும் 30 நொடியும்தான். அங்கிருந்து வீடியோவில் பார்த்துக் கற்கும் திட்டங்களை அப்படியே இங்கே போட முடியாது. ஆறு நொடி குறைவு என்பது ஒரு முழு பாஸ் சுற்று குறைவு. வளையத்தடியில் உயரமானவனை நிறுத்திப் பந்தை ஊட்டிய பழைய பாணியிலிருந்து, ஐந்து பேரும் வெளியிலிருந்து எறியத் தெரிந்த பாணிக்கு மாற வேண்டியிருந்தது. கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவே இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட உடற்கல்வி இயக்குநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பு பாராட்டத்தக்கது. ஆனால் தனி மனிதரின் ஆர்வத்தை நம்பி ஒரு மாநிலத்தின் ஆட்டத்தை நடத்த முடியாது.

நல்ல ஆட்டக்காரர் பயிற்சித் தொழிலுக்கு வராததற்கும் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் கூடைப்பந்து ஆடுபவரின் இலக்கு இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை, காவல்துறை அணிகளில் ஒன்றில் வேலை. அது கிடைத்தவர் முப்பத்தைந்து வயது வரை ஆடுகிறார். பிறகு அலுவலக வேலை, பதவி உயர்வு, ஓய்வூதியம். எம்.பி.எட். முடித்து நெட் எழுதிக் கல்லூரிக்கு வர அவருக்கு வயதும் இல்லை, தேவையும் இல்லை. சென்னையின் அனிதா பால்துரை 18 ஆண்டுகள் இந்திய அணிக்கு ஆடியவர், தலைமை தாங்கியவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர், தெற்கு ரயில்வே ஊழியர். ஆடி முடித்தபின் அவர் பயிற்றுவிக்க வந்தது ரயில்வே, தேசிய அணிகளின் வழியாகத்தான். அத்தகைய அனுபவத்தை ஒரு கல்லூரி முழுநேரமும் அமர்த்திக்கொள்ள விதியில் இடமில்லை. தனியார் கல்லூரிகள் சில, காலையும் மாலையும் வந்துபோகும் பகுதிநேரப் பயிற்சியாளரை மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்கின்றன. ஓய்வுபெற்ற வங்கி வீரரோ, என்.ஐ.எஸ். முடித்த இளைஞரோ அந்த வேலைக்கு வருகிறார். பணி உறுதி இல்லை, பதவி உயர்வு இல்லை. கல்லூரியின் பதிவேட்டில் அணி மேலாளர் என்று வருவது இயக்குநரின் பெயர்.

2020இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள், அகில இந்தியப் போட்டியில் முன்னணிக்கு வந்த அணிகளுக்கு இன்னொரு மேடையைத் தந்தன. 2022இல் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த 71ஆவது தேசியப் போட்டியில் தமிழ்நாடு ஆடவர் அணி பட்டம் வென்றது. இந்த மாநிலத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. பார்க்க வரும் கூட்டத்துக்கும், போட்டி நடத்தும் ஊர்களுக்கும், மைதானத்தில் ஆயுளைக் கழிக்கும் உடற்கல்வி இயக்குநர்களுக்கும் பஞ்சமில்லை. இல்லாதது ஒன்று. கல்லூரியில் ஓர் ஆட்டத்துக்கென்று, முழுநேர ஊதியத்தோடு, பதவி உயர்வு வழியோடு, ஒரு பயிற்சியாளர் பதவி. உடற்கல்வி இயக்குநர் பதவிக்குப் பக்கத்தில் அந்த இரண்டாவது பதவியை மானியக் குழுவும் பல்கலைக்கழகங்களும் உருவாக்கும்வரை, தண்டலத்தில் கூடைப்பந்து கற்றுக்கொடுப்பது மற்ற எல்லா வேலைகளுக்கும் பிறகு செய்யும் வேலையாகவே இருக்கும்.